பல் நாலு லிட்டர்: வீட்டில் குழந்தையை எழுத வைக்க

குன்னத்தூர்ப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் இருபத்தெட்டு வருசம் கணக்கு எழுதினேன். மகளும் மருமகனும் காலையில் கம்பெனி வேனில் திருப்பூருக்கு ஏறிவிட்டால், ஐந்தரை வயதுப் பேத்தி பள்ளிக்கூட நேரம் போக என் பொறுப்பு. அவளை எழுத வைத்த கதையைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பென்சிலைக் கையில் திணிக்காதீங்க. முதலில் விரலுக்கு வேலை கொடுங்க. எங்கள் வீட்டில் கடலைக்காய் உரிப்பதும் முருங்கைக்கீரை உருவுவதும் அவள் வேலை. பாதிப் பருப்பு வாய்க்குள் போகும், போகட்டும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நெருக்கப் பழகினால் பென்சில் பிடிக்கிற தெம்பு தானாக வரும். நாலு வயசுப் பிள்ளையிடம் முழுப் பென்சிலைக் கொடுத்தால் உலக்கையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கும். சாக்பீஸைச் சுண்டுவிரல் நுனியளவுக்கு ஒடித்துக் கொடுத்துப் பாருங்க. அதை முஷ்டியில் பிடிக்க வழியில்லை, மூன்று விரல்தான் சேரும்.

எழுதும் இடம் வாசல். பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்று, ஒரு போசியில் தண்ணி. சிமெண்டு வாசலில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதலாம், தப்பாகப் போனால் வெயிலே அழித்துவிடும். அவள் அம்முச்சி (அம்மாவின் அம்மா) கோலம் போடும்போது பக்கத்தில் நாலு புள்ளி வைத்து விடுவாள், இவள் அதைச் சுற்றி வளைப்பாள். இ, ஐ இரண்டுக்கும் மணிக்கட்டு திரும்பியது அந்தச் சிக்குக் கோலத்தில்தான்.

எந்த எழுத்து முதலில்? விசயதசமியன்று அரிசியில் ‘அ’ எழுதட்டும், அது சம்பிரதாயம். மறுநாளே ‘ட’வுக்கு வாங்க. அ சுழி, வளைவு, கோடு எல்லாம் கலந்த எழுத்து. ட இரண்டே கோடு. ட, ப, ம மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல் கைக்கு வந்துவிடும். 247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல் என்று காத்திருந்தால் பிள்ளைக்குச் சலித்துவிடும்.

இதெல்லாம் கைப்பழக்கம். எழுதணும் என்கிற ஆசை வேறு வழியில் வந்தது. எங்களிடம் இரண்டு கறவை மாடு. சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து லிட்டரையும் ஃபேட்டையும் (பாலின் கொழுப்பு அளவு) நான் சொல்ல, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அவள் எழுதுவாள். பணம் வரும்போது அந்தத் தாள்களை வைத்துத்தான் சரிபார்ப்பேன். விளையாட்டுக்கு எழுத வைத்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் தாளில் ‘காலை பல் 4’ என்று இருந்தது. நான் திருத்தவில்லை. “ஏனுங்க அம்மிணி, நாலு பல்லையும் சொசைட்டிக்கு ஊத்திட்டா நீங்க எதுல முறுக்குத் திம்பீங்க?” என்றேன். முறைத்தாள். தாளை வாங்கி ‘பல்... பல்...’ என்று இரண்டு தரம் முணுமுணுத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. ப-வுக்கும் ல்-லுக்கும் நடுவே இடமில்லாததால் துணைக்காலை ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியாக நுழைத்துவிட்டு, “இப்பப் பாலுங் அப்புச்சி” என்றாள். அன்றிலிருந்து கால் விட்டுப்போகவில்லை.

சந்தைக்குப் பட்டியலும் அவள்தான் எழுதுவாள். தக்காளி ‘தகாளி’ ஆகும். காதில் விழுந்தபடி எழுதுகிறாள், அது நல்ல அறிகுறி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: எழுதியதை வாங்கியே தீரணும், எழுதாததை வாங்கக்கூடாது. ஒருவாரம் புளி விட்டுப்போய், ரசம் இல்லாமல் சாப்பிட்டோம். பட்டியலின் அடியில் பொரி உருண்டை மட்டும் எந்த வாரமும் விட்டுப்போனதில்லை.

நான் செய்த தப்பையும் சொல்லணும். கணக்கெழுதியவன் கை சும்மா இருக்குமா? ஒருநாள் அவள் பட்டியலில் சிவப்புப் பேனாவால் ஏழு இடத்தில் சுழித்துவிட்டேன். மறுநாள் முதல் பால் கணக்கு எழுத வரவில்லை. பதினாறு நாள். தேதித் தாள்கள் வெறுமையாகவே கிடந்தன, எண்ணித்தான் சொல்கிறேன். அப்புறம் சிவப்புப் பேனாவை அட்டாலியில் தூக்கிப் போட்டேன்.

திரும்ப வந்தது என் தப்பைக் கண்டுபிடித்த பிறகு. என் காலத்தில் லை, னை எல்லாம் இப்போது மாதிரி முன்னால் ‘ை’ போடாமல், எழுத்தோடு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவைச் சேர்த்து எழுதினோம். அவசரத்தில் இன்றும் கை அப்படித்தான் போகும். ‘மாலை’ என்று நான் எழுதியதைப் பார்த்து, “அப்புச்சிக்கு லை எழுதத் தெரியல” என்று வீடு முழுக்கத் தமுக்கடித்தாள். நம்ம ஈரோட்டுப் பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ பத்திரிகையில் எழுத்தை மாற்றி அச்சடித்ததும், 1978-ல் அரசாங்கம் அதை ஏற்றதும், அப்போது ஹைஸ்கூலில் இருந்த நான் பழகிய கையை மாற்றத் திண்டாடியதும் சொன்னேன். அதிலெல்லாம் அவளுக்கு அக்கறையில்லை. எனக்கு லை கற்றுக்கொடுக்க உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் இப்படி ஒரு மாணவராக உட்காருங்க, வெட்கப்படாதீங்க.

இப்போது கோயமுத்தூரில் இருக்கும் அவள் மாமனுக்கு அஞ்சலட்டை எழுதுகிறாள். முகவரி என் கையெழுத்து, மற்றதெல்லாம் அவளுடையது. போன கார்டில் மொத்தம் மூன்றே சொல்: ‘மாடு கன்னு போட்டுச்சு’. பதில் வராவிட்டால் அடுத்த கார்டு எழுத மாட்டாள். அதனால் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும், அவள் காதில் விழாமல் பொடக்காளிப் பக்கம் போய் அவனைப் போனில் கூப்பிட்டு, “கார்டு வந்ததும் கார்டுலயே பதில் போடு, வாட்ஸப்புல அனுப்பிப்போடாதே” என்று சொல்லி வைக்கிறேன்.