சொந்த சைட்ல வர்ற விளம்பரத்த கை தவறி கிளிக் பண்ணாம இருக்க என்னென்ன பண்ணலாம்

ஆட்சென்ஸ், அதாவது நம்ம சைட்ல விளம்பரம் காட்டி காசு தர்ற கூகுள் சேவை, அதுல அப்ரூவல் கெடச்ச உடனே எல்லாரும் பண்ற முதல் வேலை, சைட்ட தொறந்து விளம்பரம் வந்துடுச்சான்னு பாக்குறதுதான். கம்ப்யூட்டர்ல பாத்து, போன்ல பாத்து, எடம் சரியில்லன்னு மாத்தி, மறுபடி பாத்து, நடுவுல ஒரு எழுத்துப்பிழை கண்ல பட்டு அத திருத்தி மறுபடி பாத்துன்னு போயிட்டே இருக்கும். ஒரு சைட்ட அதோட ஓனர் அளவுக்கு வேற யாரும் தொறக்கமாட்டாங்க, அதனால கை தவறுற வாய்ப்பும் ஓனருக்குத்தான் ஜாஸ்தி. "நான் உஷாரா இருந்துக்கறேன்" எல்லாம் இங்க எடுபடாது, தூக்கக் கலக்கத்துல போன்ல ஸ்க்ரோல் பண்றப்ப உஷார் எங்க இருந்து வரும். வேலை பண்ற மெஷின்ல விளம்பரமே வராதபடி பண்ணிடணும், அதுதான் உருப்படியான வழி.

மொதல்ல ரூல சொல்லிடறேன். சொந்த விளம்பரத்த எந்த காரணத்துக்காகவும் கிளிக் பண்ணக்கூடாதுன்னு ஆட்சென்ஸ் பாலிசியிலயே இருக்கு, டெஸ்ட் பண்ணேன், லிங்க் எங்க போகுதுன்னு பாத்தேன்ங்கறதெல்லாம் காரணமா எடுத்துக்க மாட்டாங்க. சிலர் சொல்லுவாங்க, 2024ல இருந்து நமக்கு இம்ப்ரெஷன் (விளம்பரம் எத்தன தடவ காட்டப்பட்டுச்சுங்கற) கணக்குலதான காசு, கிளிக்குல என்ன இருக்குன்னு. நமக்கு எப்படி குடுத்தா என்ன, விளம்பரம் குடுக்கறவங்கள்ல நெறைய பேர் இன்னும் கிளிக்குக்குத்தான் காசு கட்டுறாங்க, போலி கிளிக்னா அந்தக் காச அவங்களுக்கு திருப்பித் தரவேண்டியிருக்கு, அதனால ரூல் அப்படியேதான் இருக்கு. இன்னும் சொல்லப்போனா, சும்மா சும்மா ரீஃப்ரெஷ் பண்ணி இம்ப்ரெஷன் ஏத்துறதும் அதே இன்வேலிட் டிராஃபிக் (செல்லாத கிளிக், செல்லாத பார்வை) கணக்குலதான் வரும்.

அதுக்காக ஒரு கிளிக் ஆன உடனே அக்கவுண்ட் போயிடும்னு பயப்பட வேணாம். தெரியாம ஆகுறது சகஜம்னு கூகுளுக்கே தெரியும், பெரும்பாலும் அத ஃபில்டர் பண்ணி கழிச்சுட்டு போயிடுவாங்க. திரும்பத் திரும்ப நடந்தாத்தான் சிக்கல், அதுவும் புது சைட்டுன்னா ரொம்ப கஷ்டம், ஏன்னா ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிளிக் வர்ற சைட்ல 2 உங்களோடதுன்னா பாக்கறவங்களுக்கு அது தற்செயலா தெரியாது.

சரி, எப்படி மறைக்கிறது? கம்ப்யூட்டர்ல ரொம்ப சுலபம். பிரவுசர்ல சைட் வேலைக்குன்னே தனியா ஒரு புரொஃபைல் போட்டுக்கங்க, அதுல ஒரு ஆட் பிளாக்கர் போட்டுடுங்க. ஃபயர்பாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின், குரோம்ல இப்ப பழையது ஓடாது, அதோட லைட் வெர்ஷன் இருக்கு, பிரேவ்னா எதுவும் போடவே வேணாம் அதுவே தடுத்துடும். சைட்ட எடிட் பண்றது, கமெண்ட்டுக்கு பதில் போடுறது, பழைய போஸ்ட்ட தேடுறது எல்லாம் அந்த ஒரு புரொஃபைல்லதான்னு முடிவு பண்ணிக்கங்க. ஆட்சென்ஸ் டாஷ்போர்டு மட்டும் பிளாக்கர் போட்டா சில நேரம் ஒழுங்கா லோட் ஆகாது, அதுக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்துக்கலாம், சைட்டுக்கு குடுத்துடாதீங்க.

இங்க ஒரு வேடிக்கை இருக்கு. நெறைய பேரு தன் சைட்லயே "ஆட் பிளாக்கர ஆஃப் பண்ணுங்க"ன்னு ஒரு மெசேஜ் வர்ற மாதிரி வெச்சிருப்பாங்க, அது அவங்களையே வந்து கேக்கும், தொல்ல தாங்காம சைட்ட அலவ் லிஸ்ட்ல போட்டுடுவாங்க, அத்தோட பாதுகாப்பு முடிஞ்சுது, அத போட்டதும் மறந்துடும். அப்படி மெசேஜ் வெச்சிருந்தா ஓனருக்கு அது வராத மாதிரி பாத்துக்கணும். லேஅவுட் செக் பண்றதுக்காக "இப்ப மட்டும்" பிளாக்கர ஆஃப் பண்றதும் இதே கதைதான்.

இந்த மாதிரி பிரவுசர் எக்ஸ்டென்ஷன நம்பாதவங்க ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல கை வைக்கலாம், எந்த சைட் பேருக்கு எந்த அட்ரஸுன்னு கம்ப்யூட்டர் பாக்கற லிஸ்ட் அது. விண்டோஸ்ல சிஸ்டம்32 ஃபோல்டர், அதுக்குள்ள டிரைவர்ஸ், அதுக்குள்ள ஈடிசி (etc), அங்க ஹோஸ்ட்ஸ்னு .txt மாதிரி வால் எதுவும் இல்லாத ஃபைல் ஒண்ணு இருக்கும், நோட்பேட அட்மினா தொறந்துதான் அத எடிட் பண்ண முடியும். கூகுள் விளம்பரம் கூகுள்சிண்டிகேஷன், டபுள்கிளிக்ங்கற டொமைன்கள்ல இருந்துதான் வரும், அந்த முழு அட்ரஸ எல்லாம் எங்கயும் போய் சேராத 0.0.0.0க்கு திருப்பி விட்டா அந்த மெஷின்ல எந்த பிரவுசர்லயும் வராது. மத்த சைட்லயும் வராது, அது உங்க இஷ்டம்.

போன்தான் பெரிய தலைவலி. கை தவறி கிளிக் ஆகுறதும் பெரும்பாலும் அங்கதான். ஒரு போஸ்ட்ட தொறக்கறீங்க, ரெண்டாவது பாரா படிச்சுட்டு இருக்கும்போது மேல இருக்கற விளம்பரம் லேட்டா லோட் ஆகுது, எழுத்தெல்லாம் ஒரு குதி குதிச்சு கீழ எறங்குது, நீங்க தொடப்போன லிங்க் இருந்த எடத்துல இப்ப விளம்பரம் நிக்குது, விரல் ஏற்கனவே கிளம்பியாச்சு. இல்லன்னா கீழ ஒட்டிட்டே வர்ற ஆங்கர் விளம்பரம், அத மூடுறதுக்குன்னு சின்னதா ஒரு அம்புக்குறி, அத தொட போயி பக்கத்துல தொட்டுடறது. ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு போறப்ப ஃபுல் ஸ்கிரீன்ல வருதே விக்னெட், அதுவும் இப்படித்தான்.

ஆண்ட்ராய்டு குரோம்ல எக்ஸ்டென்ஷன் போட முடியாது, ஃபயர்பாக்ஸ்ல முடியும். ஆனா ஃபேஸ்புக் மாதிரி ஆப்ல உங்க சைட் லிங்க தொட்டா அது தன்னோட சொந்த பிரவுசர்ல தொறக்கும், அங்க உங்க ஃபயர்பாக்ஸ் என்ன பண்ணும், பாவம். அதனால போனுக்கு என் சாய்ஸ் பிரைவேட் டிஎன்எஸ். டிஎன்எஸ்ங்கறது சைட் பேர வெச்சு அதோட சர்வர் அட்ரஸ கண்டுபிடிச்சு தர்ற சேவை. ஆண்ட்ராய்டு 9ல இருந்து செட்டிங்ஸ்ல இது இருக்கு, விளம்பரத்த தடுக்கற டிஎன்எஸ் ஒண்ண, உதாரணமா ஆட்கார்டு டிஎன்எஸ், அதோட ஹோஸ்ட்நேம போட்டுட்டா போன் முழுக்க எந்த ஆப்லயும் விளம்பர சர்வர் கிடைக்காது. பிரவுசர்ல செக்யூர் டிஎன்எஸ்னு வேற கம்பெனிய செட் பண்ணி வெச்சிருந்தா அந்த பிரவுசர் மட்டும் இத தாண்டி போயிடும், அதையும் ஒரு தடவ பாத்துக்கங்க. ஐபோன்ல சஃபாரிக்கு கன்டென்ட் பிளாக்கர் ஆப் போட்டுக்கலாம்.

வேர்ட்பிரஸ்காரங்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கு, லாகின் பண்ணினவங்களுக்கு விளம்பரமே காட்டாத மாதிரி வைக்கிறது. கூகுளோட வேர்ட்பிரஸ் பிளகினான சைட் கிட்லயே ஆட்சென்ஸ் செட்டிங்ஸ்ல இந்த ஆப்ஷன் இருக்கு, ஆட் இன்சர்ட்டர், அட்வான்ஸ்ட் ஆட்ஸ் மாதிரி பிளகின்லயும் இருக்கு. ஆனா கேச் பிளகின் (பக்கத்த சேமிச்சு வெச்சு வேகமா காட்டுறது) போட்டிருந்தா கவனம். நீங்க லாகின்ல இருந்தப்ப உருவான விளம்பரம் இல்லாத பக்கத்த அது சேமிச்சு வெச்சு, வர்ற ஆளுங்களுக்கெல்லாம் அதையே காட்டிட்டு இருந்தா வருமானம் ஏன் படுத்துருச்சுன்னு ஒரு வாரம் தலைய பிச்சிக்கணும். இதுக்கு நேர்மாறாவும் நடக்கும், விளம்பரத்தோட சேமிச்ச பக்கம் உங்களுக்கே வந்து நிக்கும். லாகின் பண்ணினவங்களுக்கு கேச் வேண்டாம்னு ஒரு செட்டிங் இருக்கும், அத ஆன் பண்ணிட்டு ஒரு தடவ கேச கிளியர் பண்ணிடுங்க. அப்புறம் இதெல்லாம் லாகின்ல இருக்கற வரைக்கும்தான், போன்ல நீங்க லாகின் பண்ணியிருக்கமாட்டீங்க, அங்க நீங்களும் ஒரு விசிட்டர்தான், அதனால டிஎன்எஸ் வேலைய விட்டுடாதீங்க.

சைட்டோட தோற்றத்த தீர்மானிக்கற சிஎஸ்எஸ் கோட்ல display: none போட்டு விளம்பரத்த மறைக்கலாமேன்னு சிலருக்கு தோணும். வேணாம். கோடு லோட் ஆகி விளம்பர ரிக்வெஸ்ட் போயிடலாம், ஆனா கண்ணுக்கு தெரியாது, மறைச்சு வெச்ச விளம்பரங்கறது தனியா ஒரு பாலிசி மீறல். மறைக்கணும்னா கோடையே அனுப்பாம இருக்கணும். டெஸ்ட்டிங் சர்வர், லோக்கல்ஹோஸ்ட் (உங்க கம்ப்யூட்டர்லயே ஓடுற சைட் காப்பி) எல்லாத்துலயும் விளம்பர கோட எடுத்துட்டு அதே சைஸ்ல ஒரு சாம்பல் கலர் டப்பா வெச்சா போதும், லேஅவுட் பாக்க அது தாராளம்.

பாதுகாப்புன்னு நெனச்சு ஏமாறுற விஷயம் ரெண்டு. ஒண்ணு, எத்தன பேர் வந்தாங்கன்னு கணக்கு காட்டுற கூகுள் அனலிடிக்ஸ்ல சொந்த ஐபிய (உங்க நெட் கனெக்‌ஷனோட நம்பர) ஃபில்டர் பண்றது. இன்னொண்ணு, கூகுளோட பிளாகர் (Blogger) தளத்துல சொந்த வியூவ எண்ணாதேன்னு வைக்கிற ஆப்ஷன். ரெண்டும் எண்ணிக்கைய மட்டும்தான் பாக்கும், விளம்பரத்த நிறுத்தாது, கிளிக்கையும் தடுக்காது. இன்காக்னிடோல போனா தெரியாதுன்னு நெனைக்கறவங்களும் இருக்காங்க, அது உங்க மெஷின்ல ஹிஸ்டரி நிக்காம பாத்துக்கும், அவ்வளவுதான்.

இவ்ளோ மறைச்சுட்டா விளம்பரம் எப்படித்தான் வருதுன்னு பாக்க வேணாமா? பாக்கணும்தான். ஆட்டோ ஆட்ஸ்னா (எடத்த கூகுளே முடிவு பண்றது) ஆட்சென்ஸ் உள்ளயே பிரிவியூ இருக்கு, எங்கெங்க வரும்னு அங்கயே தெரிஞ்சுக்கலாம். நிஜ பக்கத்துலயேதான் பாக்கணும்னா கம்ப்யூட்டர்ல வேற புரொஃபைல தொறந்து, மவுச தள்ளி வெச்சுட்டு ஸ்பேஸ் பாரும் அம்பு கீயும் மட்டும் அழுத்தி எறங்கிட்டே வாங்க, ஸ்கிரீன்ஷாட் எடுங்க, மூடிடுங்க. டெவலப்பர் டூல்ஸ்ல மொபைல் வியூ போட்டா வர்றதும் நிஜ விளம்பரம்தான், டெஸ்ட்டுன்னு நெனச்சு தட்டிப் பாத்துடாதீங்க. கோட் தெரிஞ்சவங்க விளம்பர டேக்ல data-adtest-ங்கற ஆட்ரிபியூட்ட ஆன் பண்ணி டெஸ்ட் விளம்பரம் வரவெச்சுக்கலாம், வேலை முடிஞ்சதும் அத எடுக்க மறந்தா அதுல காசு வராது.

ஒரு விளம்பரம் மோசமா இருக்கு, யாரோடதுன்னு தெரியணும், பிளாக் பண்ணணும்னா கிளிக் பண்ணி போயி பாக்கற வேலை வேணாம், ரைட் கிளிக் பண்ணி லிங்க காப்பி பண்ணி வேற டேப்ல போட்டாலும் அதுவும் கிளிக் லிங்க்தான். அந்த விளம்பரத்துல தெரியற சைட் பேர நீங்களே அட்ரஸ் பார்ல டைப் பண்ணி போங்க. ஆட்சென்ஸ்ல ஆட் ரிவியூ சென்டர் இருக்கு, உங்க சைட்ல வந்த விளம்பரங்கள அங்கயே பாத்து ஒவ்வொண்ணா பிளாக் பண்ணலாம். கம்பெனி பேர் தெரிஞ்சா கூகுளோட ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர்ல தேடலாம், 2023ல வந்தது, யார் வேணாலும் பாக்கலாம்.

லேஅவுட்டையும் கொஞ்சம் சரி பண்ணுங்க, இது உங்களுக்கு மட்டும் இல்ல வர்ற எல்லாருக்கும். விளம்பரம் வரப்போற எடத்துக்கு முன்னாடியே min-height (குறைஞ்சபட்ச உயரம்) குடுத்துட்டா பக்கம் குதிக்காது. மெனு, டவுன்லோட் பட்டன், அடுத்த பக்கம் பட்டன் இதுக்கெல்லாம் ஒட்டின மாதிரி விளம்பரம் வேண்டவே வேண்டாம். தப்பா விழுற கிளிக் ஜாஸ்தியா இருந்தா கூகுள் சில விளம்பரத்துக்கு இன்னொரு தடவ கன்ஃபர்ம் கேக்கற மாதிரி மாத்திடும், அப்புறம் வருமானம் தானா எறங்கும்.

வீட்ல இருக்கறவங்கள விட்டுட்டா எல்லாமே வீண். "உன் சைட்டுக்கு சப்போர்ட் பண்றேன்"னு அன்பா அஞ்சாறு விளம்பரத்த தட்டிட்டு வந்து சொல்லுவாங்க, ஒரே வைஃபை வேற. அவங்ககிட்ட முன்னாடியே தெளிவா சொல்லிடுங்க, படிச்சா போதும், தட்டாதீங்கன்னு. ரவுட்டர்லயே டிஎன்எஸ் மாத்தி வெச்சா அந்த பேச்சுக்கும் வேலை கம்மி, ஆனா அவங்க மொபைல் டேட்டால இருந்தா அது வேலைக்காகாது.

எல்லாம் பண்ணியும் ஒரு நாள் தட்டிட்டீங்கன்னு வைங்க. தொறந்த டேப மூடிடுங்க, அங்க எதையும் நோண்ட வேணாம், அந்த விளம்பரம் மறுபடி வருதான்னு ரீஃப்ரெஷ் பண்ணி பாக்கவும் வேணாம். தேதி, நேரம், எந்த பக்கம், எந்த நெட்வொர்க்னு ஒரு நோட்ல குறிச்சு வைங்க. ஒண்ணு ரெண்டுக்கெல்லாம் கூகுளுக்கு எழுத அவசியமில்ல, அவங்களே அப்படித்தான் சொல்றாங்க. ஆனா யாரோ வேணும்னே கிளிக் பண்ற மாதிரி திடீர்னு கிளிக் ரேட் எகிறுனா இன்வேலிட் கிளிக்ஸ் ஃபார்ம் இருக்கு, அதுல இந்த நோட்டையும் சர்வர் லாகையும் (யார் எப்ப வந்தாங்கன்னு சர்வர் எழுதி வைக்கிற பதிவு) வெச்சு எழுதலாம். மாசக் கடைசில எஸ்டிமேட்ல இருந்த தொகைய விட கைக்கு வர்றது கொஞ்சம் கம்மியா இருந்தா அது பெரும்பாலும் இந்த மாதிரி கழிச்சதுதான், அதுக்கு டென்ஷன் ஆகவேண்டாம்.

ஆப்ல விளம்பரம் போடுறவங்களுக்கு ஒரு வரி: ஆப் விளம்பரத்துக்கான கூகுள் சேவையான ஆட்மாப்ல டெவலப்மென்ட் முழுக்க டெஸ்ட் ஆட் யூனிட் ஐடிதான் போடணும், உங்க சொந்த போன டெஸ்ட் டிவைஸா ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, எமுலேட்டர் (கம்ப்யூட்டர்ல ஓடுற போலி போன்) தானாவே டெஸ்ட் டிவைஸ்தான். பிளே ஸ்டோருக்கு அனுப்புறப்ப நிஜ ஐடிய மாத்த மறந்துடாதீங்க.