‘கேஸ் தீர்ந்துடுச்சு’ என்பதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? ஃப்ரேசல் வெர்பும் பிரசன்ட் பெர்ஃபெக்ட்டும்

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டால் நம்மில் பலர் ‘கேஸ் ஃபினிஷ்ட்’ என்கிறோம். கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் இயல்பான ஆங்கிலத்தில் அது ‘தி கேஸ் ஹேஸ் ரன் அவுட்’. இதில் ‘ரன் அவுட்’ ஃப்ரேசல் வெர்ப், அதாவது வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் ஜோடி. ‘ஹேஸ்’ சேர்ந்ததால் பிரசன்ட் பெர்ஃபெக்ட், அதாவது ஹேவ் அல்லது ஹேஸுடன் வினையின் மூன்றாம் வடிவம் சேரும் அமைப்பு. இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படிப்பதால்தான் பேசும்போது சேர்த்துச் சொல்ல வருவதில்லை. சேர்த்தே பழகுவோம்.

படி 1: ஜோடியாகப் படியுங்கள்

ரன் என்றால் ஓடு, அவுட் என்றால் வெளியே. ஆனால் ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோவது. அதனால் பிரித்துப் பொருள் தேடாதீர்கள். பிரேக் டவுன் – வண்டி பழுதாகி நிற்பது. புட் ஆஃப் – தள்ளிப்போடுவது. கால் ஆஃப் – ரத்து செய்வது. கிவ் அப் – ஒரு பழக்கத்தை விட்டுவிடுவது. ஆரம்பத்தில் இந்த ஐந்தே போதும்.

படி 2: வினையின் மூன்றாம் வடிவம்

மாறுவது முதல் சொல் மட்டும்தான். பிரேக், புரோக், புரோக்கன்; கிவ், கேவ், கிவன்; ரன், ரேன், ரன். ‘ஹேஸ் ரேன் அவுட்’ தவறு. மூன்றாம் வடிவம் மறுபடியும் ‘ரன்’தான். புட் மூன்றிலும் புட்.

ஐ, யூ, வீ, தே வந்தால் ஹேவ். ஹீ, ஷீ, இட் வந்தால் ஹேஸ். இது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படி 3: எப்போது சொல்வது?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் வருகின்றன.

பஸ் வழியில் நின்றுவிட்டது, நீங்கள் இன்னும் ரோட்டோரம்தான் நிற்கிறீர்கள். ஆபீசுக்கு போன் செய்து, ‘தி பஸ் ஹேஸ் புரோக்கன் டவுன்’ என்கிறீர்கள். நடந்தது முடிந்தாலும் அதன் பாதிப்பு இப்போதும் இருக்கிறது. தமிழில் ‘நின்னுடுச்சு’, ‘தீர்ந்துடுச்சு’, ‘விட்டுட்டேன்’ என்று வாயில் வந்தால், பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிரசன்ட் பெர்ஃபெக்ட் பொருந்தும்.

ஆனால் ‘நேத்து பஸ் நின்னுடுச்சு’ என்றும் தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது நடக்காது. நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரம் வந்துவிட்டால் ஹேஸை எடுத்துவிட வேண்டும்: ‘தி பஸ் புரோக் டவுன் எஸ்டர்டே.’ இந்த ஒரு விதி கைவந்தாலே உங்கள் ஆங்கிலம் எவ்வளவோ தேறிவிடும்.

படி 4: ‘இட்’ எங்கே வரும்?

‘அண்ணே, மோட்டாரை ஆஃப் பண்ணிட்டீங்களா?’ என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்கிறார். இதற்கு ஆங்கிலத்தில் பதில்: ‘யெஸ், ஐ ஹேவ் டர்ன்ட் இட் ஆஃப்.’ இட், தெம் போன்ற சொற்கள் நடுவில்தான் வரும்; ‘டர்ன்ட் ஆஃப் இட்’ தவறு. மோட்டார் என்று பெயரையே சொன்னால் இரண்டு விதமும் சரி: ‘டர்ன்ட் ஆஃப் தி மோட்டார்’, ‘டர்ன்ட் தி மோட்டார் ஆஃப்’.

எல்லா ஜோடியும் இப்படிப் பிரியாது. ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்பதில் பாலை நடுவில் நுழைக்க முடியாது. லுக் ஆஃப்டரும் (கவனித்துக்கொள்வது) அப்படியே: ‘ஷீ ஹேஸ் லுக்ட் ஆஃப்டர் தெம்.’

படி 5: ஜஸ்ட், ஆல்ரெடி, யெட்

ஜஸ்ட் (இப்போதுதான்), ஆல்ரெடி (ஏற்கனவே) இரண்டும் ஹேவுக்குப் பின்னால் வரும். யெட் (கேள்வியில் ‘இதற்குள்’) வாக்கியத்தின் கடைசியில். ஃபில் இன் என்றால் படிவத்தை நிரப்புவது, ஹேண்ட் இன் என்றால் ஒப்படைப்பது. ஆபீசில் இப்படிப் பேசலாம்:

– ஹேவ் யூ ஃபில்ட் இன் தி ஃபார்ம் யெட்?
– யெஸ், ஐ ஹேவ் ஆல்ரெடி ஹேண்டட் இட் இன்.
– வாட் அபவுட் தி மீட்டிங்?
– தே ஹேவ் ஜஸ்ட் புட் இட் ஆஃப்.

அமெரிக்கர்கள் இதே இடத்தில் ஃபில் இன்னுக்குப் பதில் ஃபில் அவுட்டை வைத்து, ஹேவ் இல்லாமல் ‘டிட் யூ ஃபில் இட் அவுட் யெட்?’ என்றும் கேட்பார்கள். குழம்ப வேண்டாம், அதுவும் சரிதான்.

இப்போது நீங்கள் மாற்றிப் பாருங்கள்: அப்பா சிகரெட்டை விட்டுட்டார். மேட்ச்சை ரத்து பண்ணிட்டாங்க. போன வாரம் கார் பழுதாகி நின்னுடுச்சு.

விடைகள்: ‘அப்பா ஹேஸ் கிவன் அப் ஸ்மோக்கிங்.’ ‘தே ஹேவ் கால்ட் ஆஃப் தி மேட்ச்.’ மூன்றாவதில் ‘போன வாரம்’ இருப்பதால் ஹேஸ் கிடையாது: ‘தி கார் புரோக் டவுன் லாஸ்ட் வீக்.’