வெப்பமான இடத்தில் புளூபெர்ரி: எந்த ரகத்தோடு எதை நடுவது?

ஒரே ஒரு புளூபெர்ரிச் செடியை வைத்துவிட்டு, கொத்துக் கொத்தாகப் பூத்தும் காய் பிடிக்கவில்லையே என்று வருந்துபவர்கள் நிறைய. பெரும்பாலும் குறை செடியில் இல்லை, அதற்கு மகரந்தம் தரும் சரியான துணை ரகம் இல்லாததுதான் காரணம். வாங்கும்போதே யோசித்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

1. முதலில் உங்கள் இடத்துக் குளிரைப் பாருங்கள். குளிர்காலத்தில் சுமார் 0 முதல் 7 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் மணி நேரங்களைக் கூட்டினால் வருவதுதான் 'குளிர் நேரம்'. ரகத்துக்குத் தேவையான குளிர் கிடைக்காவிட்டால் மொட்டுகள் ஒழுங்காக விரியாது, பூ அங்கொன்றும் இங்கொன்றுமாக வாரக்கணக்கில் இழுக்கும், பக்கத்துச் செடியோடு சேர்ந்து பூக்கவும் செய்யாது. குளிர் குறைவான இடத்துக்கு ஷார்ப்புளூ, மிஸ்டி, எமரால்ட், ஜுவல் போன்றவை சரி. இவற்றுக்குத் தோராயமாக 150 முதல் 300 மணி நேரம் போதும். டிஃப்புளூ என்ற ரகத்துக்கோ 600 மணி நேரமாவது வேண்டும்.

2. அடுத்து இனம். இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வெப்பம் தாங்குபவை இரண்டு: சதர்ன் ஹைபுஷ், ராபிட்ஐ. முதலாவதில் குரோமோசோம்கள் 4 தொகுதி, இரண்டாவதில் 6 தொகுதி. அதனால் ஒன்றின் மகரந்தம் மற்றதற்குச் சரிவர உதவாது, இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கி வைப்பதில் பயனில்லை. துணை அதே இனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், ஆனால் வேறு ரகமாக. ஒரே ரகத்தில் பத்துச் செடி வைத்தாலும் மரபணு ஒன்றுதான், அது அயல் மகரந்தச் சேர்க்கை ஆகாது. ராபிட்ஐ பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை என்பதால் அதற்குத் துணை கட்டாயம். சதர்ன் ஹைபுஷ் ஓரளவு தானே காய்க்கும், ஆனாலும் துணை இருந்தால் பழம் பெரிதாகும், சீக்கிரமும் பழுக்கும்.

3. பூக்கும் காலத்தைப் பொருத்துங்கள். சதர்ன் ஹைபுஷ்ஷில் எமரால்டும் ஜுவலும் ஃபுளோரிடாவில் நெடுங்காலமாகச் சேர்த்து நடப்படும் ஜோடி. மிஸ்டியோடு ஷார்ப்புளூ பொருந்தும். ராபிட்ஐயில் முன்கூட்டிப் பூக்கும் கிளைமாக்ஸுக்கு பிரீமியர், சற்றுப் பிந்தும் பிரைட்வெல்லுக்கு பவுடர்புளூ. இடமிருந்தால் மூன்று ரகமாக வையுங்கள் என்றே சொல்வேன், ஏனென்றால் ஒரு வருடம் குளிர் குறைந்து ஒன்று பிந்தினாலும் மற்ற இரண்டும் கைகொடுக்கும்.

4. நடும்போது ரகங்களை மாற்றி மாற்றி, அருகருகே வையுங்கள். தொட்டி என்றால் இன்னும் சுலபம், பூக்கும் நேரத்தில் பக்கத்தில் நகர்த்திவிடலாம். மண் அமிலத்தன்மையோடு, பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருக்கட்டும்.

5. அப்புறம் தேனீ. புளூபெர்ரிப் பூ மணி மாதிரி தலைகீழாகத் தொங்கும். மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் மகரந்தம் உதிரும். பம்பிள் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து அதை உதிர்க்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, ஆனால் எண்ணிக்கை அதிகமிருந்தால் அதுவும் உதவும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது.

6. பூக்கும் காலத்தில் செடியை உற்றுப் பாருங்கள். சேர்க்கை நடந்த பூவின் வெள்ளை மணி சீக்கிரம் உதிர்ந்துவிடும். நடக்காத பூ கொம்பிலேயே தங்கிச் செந்நிறமாக மாறும். அப்படிப்பட்ட பூக்கள் நிறைய தெரிந்தால், இரண்டு ரகமும் பூக்கத் தொடங்கிய தேதி, முடித்த தேதி இரண்டையும் குறித்து வையுங்கள். தேதிகள் ஒத்துப்போகவில்லை என்றால் இடைவெளியை நிரப்பும் இன்னொரு ரகத்தைச் சேருங்கள். ஒத்துப்போனால் தேனீ வரவைக் கவனியுங்கள்.