பாம்பு தீண்டிய ஆட்டின் நடத்தையைக் கொண்டு நஞ்சை அறியும் முறை

ஏற்காடு அடிவாரத்தில் மேயச் சென்ற ஆடு திடீரெனத் தள்ளாடினால், முதலில் அதன் கண் இமைகளைப் பாருங்கள். நல்ல பாம்பின் நஞ்சு, நரம்பும் தசையும் சேருமிடத்திலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளை (நரம்பின் கட்டளையைத் தசை வாங்கும் இடங்களை) அடைத்துவிடுவதால், இமைகள் தொங்கும், விழுங்க இயலாமல் எச்சில் வழியும், கால்கள் துவளும், இறுதியில் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். இதை வெயில் அசதி என்று விட்டுவிடுவதுதான் பெரும் ஆபத்து. கட்டுவிரியன் நஞ்சும் இப்படியே நரம்பைத் தாக்கும்; ஆனால் அது கடித்த இடத்தில் வீக்கமே தெரியாமலும் போகலாம்.

கண்ணாடி விரியன் என்றால் வலியால் ஆடு காலை ஊன்றாது, கடிவாய் வீங்கும், சிறுநீர் சிவக்கலாம். மருத்துவர் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா எனப் பார்ப்பார்; உறையாவிட்டால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள்.

விழுங்க முடியாத ஆட்டின் வாயில் பச்சிலைச் சாற்றை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்பதால், எதையும் புகட்டாமல், நடக்கவும் விடாமல், வண்டியில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன் ஆகிய மூன்றுக்கும் சுருட்டை விரியனுக்கும் நஞ்சுமுறி மருந்து ஒன்றே. அதனால் பாம்பைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.