தண்டர் மவுண்டன் பாதையில் சைக்கிள் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிரைஸ் கேன்யனுக்கு மேற்கே, டிக்ஸி தேசிய வனத்துக்குள் இருக்கிறது ரெட் கேன்யன். அங்கே செம்பாறைத் தூண்களுக்கு நடுவே சுமார் 8 மைல் ஓடும் ஒற்றையடிப்பாதைதான் தண்டர் மவுண்டன். மலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஒருமுறையாவது போய்வர வேண்டிய இடம்.

முதல் தவறு, வழி முழுக்க இறக்கம் என்று நினைப்பது. கீழே வண்டியை நிறுத்திவிட்டு, 12-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய தார்ச் சைக்கிள் பாதையில் ஏறி, ஒற்றையடிப்பாதையின் மேல்முனையான கயோட்டி ஹாலோ போய், அங்கிருந்து ஒற்றையடிப்பாதையில் திரும்பி வருவதே வழக்கம். தார்ப்பாதையிலேயே மூச்சு முட்ட மிதித்துவிட்டால், அதன்பின் பைன் காட்டுக்குள் வரும் ஏற்றங்களில் கால் நின்றுவிடும். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் ஓட்டுகிறீர்கள், காற்று மெலிது. பாதையில் குடிதண்ணீர் கிடைக்காது. ஆளுக்கு 3 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இறக்கத்தின் கொண்டை ஊசி வளைவுகள்தான் உண்மையான சோதனை. ஒரு பக்கம் சரிவு, டயருக்கு அடியில் சோளமணி போல உருளும் சரளை. பலரும் வளைவுக்குள் நுழைந்த பிறகு பயந்துபோய் முன் பிரேக்கை இறுக்குகிறார்கள். திரும்பிய நிலையில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் பிடிமானம் மொத்தமும் போய், சைக்கிள் பக்கவாட்டில் சறுக்கும். வளைவுக்கு முன்பே, நேராக ஓடும்போதே வேகத்தைக் குறையுங்கள். சீட்டைத் தாழ்த்தி, வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து, அதில் எடையை ஊன்றுங்கள். பார்வை வளைவின் முடிவில் இருக்கட்டும். கண் போகும் இடத்துக்கே சக்கரமும் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான். தூண்களின் அழகை நின்று, இறங்கி, ஆசை தீரப் பாருங்கள்.

டயரில் காற்றை நிறைய அடைப்பதும் இதே இடத்தில்தான் காலை வாரும். கல்லாக இறுகிய டயர் சரளையில் துள்ளும், மண்ணைக் கவ்வாது. 70 கிலோ எடையுள்ளவர், 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில், முன்னே 22, பின்னே 25 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கிப் பார்க்கலாம். டியூப் போட்டிருந்தால் சற்றுக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் பாறை விளிம்பில் டியூப் நசுங்கிக் கிழியும்.

மழை பெய்த கையோடு போகவே கூடாது. களி கலந்த அந்தச் செம்மண் டயரில் அப்பி, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் இடையே அடைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் மிதித்தால், பின் கியரைத் தாங்கும் கொக்கி வளைந்துவிடும், உடையவும் செய்யும். சைக்கிளை விடுங்கள், பாதைக்கு நேரும் கெடுதல் அதைவிடப் பெரிது: ஈரத்தில் விழும் சக்கரத் தடம் காய்ந்ததும் பள்ளமாக இறுகி, அடுத்த மழையில் நீரோடும் வாய்க்காலாகிவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை வரலாம் என்பதால் காலையிலேயே ஓட்டி முடித்துவிடுவது நல்லது.

இது குதிரைகளும் வரும் பாதை. குதிரையைக் கண்டதும் ஓசையின்றி ஒதுங்கி ஒளியாதீர்கள். அதுதான் அதை மிரள வைக்கும். இறங்கி, இடம் இருந்தால் சரிவின் கீழ்ப்பக்கமாக நின்று, நிதானமாகக் குரல் கொடுங்கள். குதிரைமீது இருப்பவர் சொல்லும்வரை நகர வேண்டாம்.