வன்னியிலிருந்து மலையாற்றங்கரைக்கு: இரண்டு நாள் ஹோம்ஸ்டே பயணத்துக்கு முதன்முறை ஆயத்தமாவது எப்படி

எங்கள் பக்கத்திலிருந்து மலைநாட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வான் பிடித்து, கண்டி, நுவரெலியா, எல்ல என்று ஓடி ஓடிப் பார்ப்பார்கள். பாதிப் பொழுது வானுக்குள்ளேயே கழிந்துவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் ஒரே ஆறு, ஒரே வீடு போதும். போன பங்குனியில் கிளிநொச்சியிலிருந்து இரண்டு குடும்பமாக அப்படித்தான் போய் வந்தோம். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இடத்தைத் தெரிவு செய்தல்

ஏ9 வீதியை விட்டு அதிகம் விலகாத மலையைப் பாருங்கள். நாங்கள் தெரிவு செய்தது மாத்தளைக்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரில் இருக்கும் றிவஸ்டன் பக்கம். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டுப் பகுதிகளில் நக்கிள்ஸும் ஒன்று. றத்தோட்டை வழியாக ஏறி, காற்று ஆளைத் தள்ளும் அந்தக் கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் இலுக்கும்புர. அதை அண்டித்தான் தெல்கமு ஓயா ஓடுகிறது. கரையோரமாகச் சின்னச் சின்ன ஹோம்ஸ்டே வீடுகள் இருக்கின்றன. இந்தத் தண்ணீர் களு கங்கை, அம்பன் கங்கை என்று சேர்ந்து, மகாவலியாகி, கடைசியில் கொட்டியாரக்குடாவில் கடலில் விழுகிறது. மூதூர்ப் பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். வரைபடம் அவர்களுக்கு உயிர் பெற்றுவிடும்.

மாதம் பார்த்தல்

எங்கள் குளங்கள் நிரம்பி வான் பாயும் காலம்தான் அந்தச் சரிவுக்கும் பெருமழைக் காலம். ஐப்பசியிலிருந்து தை வரை போக வேண்டாம். காலபோக அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் இருக்கும் மாசி, பங்குனி நல்லது. பங்குனி, சித்திரையில் பின்னேர இடிமழை உண்டு, அதை மனதில் வையுங்கள். புதுவருட விடுமுறையிலும் போயா சேர்ந்து வரும் நீண்ட விடுமுறையிலும் சனம் நெருக்கும்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டில் எவ்வளவு மண்சரிவை ஏற்படுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே புறப்படுவதற்கு முதல்நாள் பாதை திறந்திருக்கிறதா என்று வீட்டுக்காரரிடமே கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாத்தளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸுக்கு 1990 இரண்டையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

வீட்டைப் பதிவு செய்தல்

படத்தைப் பார்த்துக் காசு கட்ட வேண்டாம். ஒரு தரம் பேசுங்கள். நான் கேட்கச் சொல்வது இவை: ஆறு முற்றத்திலிருந்து எத்தனை நிமிட நடை? குளிக்கும் இடத்தில் தண்ணீர் எந்தளவு ஆழம்? குளிக்கும்போது வீட்டாரில் ஒருவர் கூட நிற்பாரா? சாப்பாடு வாடகைக்குள் சேர்ந்ததா? உள்ளூர் ஆட்களுக்கு என்ன விலை? சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த வீடா என்றும் கேட்கலாம்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். முதலில் நாங்கள் பேசிய ஒரு வீட்டில், "அதெல்லாம் பயமில்லை, நீங்களே இறங்கலாம்" என்றார்கள். அடுத்துப் பேசிய வீட்டுக்கார ஐயா, "நான் சொல்லும் இடத்தில், நான் சொல்லும் நேரத்தில் மட்டும்தான் இறங்கலாம்" என்று தமிழும் சிங்களமும் கலந்து சொன்னார். அவருக்கே முற்பணம் அனுப்பினோம்.

சாமான் கட்டுதல்

ஒரு ஆளுக்கு ஒரு தோள்பை. மெல்லிய கம்பளிச் சட்டை, காய்வதற்கு நேரம் எடுக்காத உடுப்பு, துவாய், டோர்ச், காலில் இறுகப் பிடிக்கும் றப்பர்ச் செருப்பு. பாட்டாச் செருப்போடு ஆற்றுக் கல்லில் ஏற வேண்டாம். அட்டைக்கு உப்பும் எலுமிச்சம்பழமும் எடுங்கள். எங்களோடு வந்த பக்கத்து வீட்டு அம்மா றத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்தவர். காலில் சித்தாலேபத் தைலத்தைப் பூசிவிட்டு நடக்கச் சொன்னது அவர்தான். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்கக் கூடாது, உப்பைப் போட்டால் தானாக விழும் என்றும் காட்டித் தந்தார்.

வெறுங்கையோடும் போக வேண்டாம். நாங்கள் ஒரு பெட்டி பனங்கட்டியும் முல்லைத்தீவுக் கருவாடும் கொண்டுபோனோம். வீட்டுக்கார அம்மா பனங்கட்டியை வாயில் போட்டுப் பார்த்து, உள்ளே போய் கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் பிள்ளைகளின் கையில் வைத்தார். பிறகு இரண்டையும் மாறி மாறிக் கடித்துத் தேத்தண்ணி குடித்தோம். மொழி அரைகுறையாக இருந்த எங்களுக்கு அதற்குப் பிறகு பேச்சு தடைப்படவே இல்லை.

பயணம்

யாழ்ப்பாணம் – கண்டி பஸ் கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குப் போகும். கிளிநொச்சியிலிருந்து மாத்தளை சுமார் 230 கிலோமீற்றர். விடிய முதல் ஏறினால் மதியத்துக்கு முன் இறங்கலாம். அங்கிருந்து மலைக்குப் போகும் பஸ்கள் குறைவு. கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி வானோ ஓட்டோவோ ஒழுங்கு செய்யுங்கள். வளைவுகளில் வயிறு புரட்டும், அதனால் மாத்தளையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

ஏ9 மூடிக்கிடந்த காலத்தில் வளர்ந்த என்னைப் போன்றவர்கள் பலர் மலையைக் கண்டதே வளர்ந்த பிறகுதான். நாலந்தை தாண்டி வீதியின் இருபக்கமும் மலை எழும்பும்போது பிள்ளைகளை ஜன்னல் பக்கம் இருத்துங்கள்.

ஆற்றில் இறங்குதல்

இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். நாங்கள் குளத்தில் நீந்திப் பழகியவர்கள். இரணைமடுவில் தண்ணீர் ஏறுவதென்றால் நாள்கணக்கில் ஏறும், எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மலையாறு அப்படியல்ல. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்கும், மேலே எங்கோ மழை கொட்டும், அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர அதிக நேரம் எடுக்காது.

சனி பின்னேரம் இரண்டரைக்கு எங்களை இறக்கியபோது, ஐயா தண்ணீரும் மணலும் சந்திக்கும் இடத்தில் தோசைக்கல் அளவில் ஒரு தட்டைக் கல்லை வைத்தார். அதையே பார்த்துக்கொண்டு கரையில் குந்தியிருந்தார். வெயில்தான், வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். அடியில் கூழாங்கல் தெரிந்த தண்ணீர் மெல்லப் பிளேன்ரீ நிறத்துக்கு மாறியது. காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. "எல்லாரும் வாங்க, வாங்க" என்று எழும்பிக் கை தட்டினார். மேலே ஏறித் துவாயால் தலை துவட்டி முடியவில்லை, கல்லைக் காணவில்லை. என் மகன் உட்கார்ந்திருந்த பாறையின் மேலால் தண்ணீர் பாய்ந்தது. ஆற்றின் சத்தமும் மாறியிருந்தது.

ஆகவே நீங்களும் கல் வையுங்கள். ஒரு பெரிய ஆள் குளிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நிறம் மாறினாலோ, குப்பை மிதந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே ஏறுங்கள், செருப்பை எடுக்கக்கூட நிற்காதீர்கள். ஆற்றின் நடுப்பாறையில் ஏறிப் படம் எடுக்க வேண்டாம். மேலிருந்து பாய்தல், மது குடித்துவிட்டு இறங்குதல் இரண்டும் கூடவே கூடாது. சவர்க்காரம் ஆற்றுக்குள் போகக் கூடாது. கீழ்க் கிராமங்கள் அந்தத் தண்ணீரைத்தான் பாவிக்கின்றன.

ஞாயிறு காலை

வெள்ளனவே எழும்புங்கள். பிட்டவல பத்தனைப் புல்வெளி பக்கத்தில்தான். பாறைக்கு மேல் மெல்லிய மண், அதில் புல், முடிவில் ஒரு பள்ளத்தாக்கு. விளிம்பில் பிள்ளைகளின் கையை விட வேண்டாம். நேரம் இருந்தால் சேர எல்ல அருவி, அதன் பின்னால் இருக்கும் குகைக்குள் நின்று தண்ணீர்த் திரையைப் பார்க்கலாம். இரண்டில் ஒன்று போதும். மிச்ச நேரத்துக்கு வீட்டு முற்றத்தில் இருங்கள், சிவப்பரிசிச் சோறும் பிஞ்சுப் பலாக்காய்க் கறியும் அடுப்பில் வேகும்.

பத்து மணி போலப் புறப்பட்டால் மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலைக் கும்பிட்டுவிட்டு யாழ்ப்பாணப் பஸ்ஸைப் பிடிக்கலாம். கோயில் ஏ9 ஓரத்திலேயே இருக்கிறது. வீட்டுக்காரரிடம் அரைக் கிலோ மிளகு வாங்குங்கள், அவர்கள் தோட்டத்தில் காய்த்தது. காசைக் கொடுக்கும்போது அடுத்த மாசிக்கு அறை இருக்குமா என்றும் கேட்டு வையுங்கள்.