கலவை எஃகின் வலிமையை இழுக்கும் முன்பே கணிப்பது

பினாங்கு பிறையில் ஒரு சோதனைக்கூடத்தில் எஃகுத் தகடுகளை இழுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. இழுக்கும் முன்பே வலிமை இவ்வளவு இருக்கும் என்று ஓர் எண்ணைக் குறித்துவைப்பேன். கருவி காட்டுவது அதிலிருந்து வெகுவாக விலகினால் மாதிரியை மறுபடி பார்ப்பேன்.

ஃபெரைட் என்ற மென்மையான பகுதியும் மார்ட்டென்சைட் என்ற கடினமான பகுதியும் கலந்த எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். மெருகேற்றி, நைட்டலில் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசல்) அரித்து, நுண்ணோக்கியில் கட்டம் போட்டு, மார்ட்டென்சைட் மேல் விழும் புள்ளிகளை எண்ணுங்கள். அந்த விகிதமே கன அளவு விகிதம். 30 சதவீதம் என்று வைப்போம். ஃபெரைட்டின் வலிமை 400 மெகாபாஸ்கல், மார்ட்டென்சைட்டின் வலிமை 1500 என்றால், 0.7 × 400 + 0.3 × 1500 = 730. இரண்டும் ஒரே அளவு நீள்கின்றன என்று கொண்டால் வரும் மேல் எல்லை இது. இரண்டின் மேலும் ஒரே தகைவு (ஓரலகு பரப்பில் விழும் விசை) விழுந்தால் ஃபெரைட் 400-லேயே விட்டுக்கொடுத்துவிடும். அது கீழ் எல்லை. உண்மை இடையில் இருக்கும், ஏனென்றால் ஃபெரைட்தான் அதிகம் நீள்கிறது.

சரி, அந்த 1500 எங்கிருந்து வந்தது? புதிதாக வரும் தம்பிகள் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான். ஃபெரைட்டில் கார்பன் மிகக் குறைவாகவே கரையும். மிச்சமெல்லாம் மார்ட்டென்சைட்டுக்குள் ஒதுங்கும். எஃகில் கார்பன் 0.1 சதவீதம், மார்ட்டென்சைட் 20 சதவீதம் என்றால் அதற்குள் ஏறத்தாழ 0.5, மார்ட்டென்சைட் 40 ஆனால் 0.25 மட்டுமே. அளவு கூடக்கூட அதன் தனி வலிமை இறங்குகிறது. ஆகவே உங்கள் மாதிரியிலேயே மார்ட்டென்சைட்டின் நுண்கடினத்தை (சிறு வைர முனையால் குத்தி, விழும் தடத்தின் அளவை வைத்து அறியும் கடினம்) அளந்து, அதில் வரும் விக்கர்ஸ் எண்ணை 3-ஆல் பெருக்குங்கள். தோராயமான மெகாபாஸ்கல் கிடைக்கும். அப்புறம், குத்துத்தடம் மார்ட்டென்சைட் திட்டைவிட நன்றாகச் சிறியதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது இரண்டின் கலவையை.